மங்கல் கண்ணாடி

நம் வீட்டுக் கூடத்து ஜன்னலுக்கு நாலு கதவுகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. நாலிலும் கண்ணாடி. இந்த நாலு கண்ணாடிகளை முன்னிட்டு நம் குடும்பத்தில் சில மாதங்களாக நடந்து வந்த விவகாரம் ஒருவாறு தீர்ந்துவிட்டபடியால், அதை இந்த வாரம் வாசகர்கள் முன்னிலையில் வைக்கத் துணிகிறோம். "தேசத்தில் எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, வாத்தியாருக்கு ஜன்னல் கண்ணாடிதானா அகப்பட்டது?" என்று சிலர் கேட்கக் கூடும். பெரிய விஷயங்களை எழுத இதே பத்திரிகையில் பெரியவர்கள் இருக்கிறார்கள். நமக்கு வாய்த்தது இந்தப் பக்கம். இந்தப் பக்கத்தின் அளவுக்குப் பொருத்தமானது ஜன்னல்தான்.

கும்பகோணத்தில் நம் வீட்டுக்கு வடக்கே ஒரு காலி மனை வெகு காலமாகக் கிடந்தது. இரண்டு தென்னை, ஒரு முருங்கை, மழைக் காலத்தில் தவளைகள் — இவையே அங்கே குடித்தனக்காரர்கள். அந்தப் பக்கத்து ஜன்னலில் என்ன கண்ணாடி போட்டிருக்கிறது என்று எவரும் யோசித்ததில்லை. தவளைகளுக்கு நம் வீட்டுச் சமாசாரத்தில் அக்கறை ஏது? அந்த மனையில் இப்போது ஓர் அடுக்கு மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. தரைத் தளம் முழுவதும் தூண்கள்; அங்கே மோட்டார் வண்டிகள் வாசம் செய்கின்றன. மனித வாசம் அதற்கு மேலேதான் ஆரம்பமாகிறது. முதல் மாடியில் ஒரு சமையலறை ஜன்னல், நம் கூடத்து ஜன்னலைக் குனிந்து பார்ப்பது போல் அமைந்தது. இரண்டுக்கும் நடுவே பத்து அடி.

முதலில் வாய் திறந்தவள் நம் புதல்வி. அவள் பன்னிரண்டாம் வகுப்பு வாசிக்கிறாள். அவளுடைய மேஜை ஜன்னலிலிருந்து நாலு அடி தள்ளி இருக்கிறது. "அப்பா, ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தால், யாரோ மேலே நின்று பரீட்சைக்கு மேற்பார்வை செய்வது போல் இருக்கிறது" என்றாள். அடுத்தபடியாக நம் இல்லத்தரசி, மத்தியானம் கூடத்தில் பாயை விரித்து ஒரு நாழிகை சாயலாம் என்றால் அதற்குக் கூட வழியில்லாமல் போய்விட்டதாகத் தெரிவித்தாள். இருவரும் சேர்ந்து ஒரே தீர்மானத்தை நிறைவேற்றி நம்மிடம் அனுப்பினார்கள்: தெளிந்த கண்ணாடியை எடுத்துவிட்டு, ஸ்நான அறையில் போடுவது போன்ற மங்கல் கண்ணாடி போட வேண்டும்.

கூட்டத்தில் நம் தாயாரும் இருந்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. எண்பது வயதாகிறது. முழங்காலில் வலி, விரல்களும் மடங்குவதில்லை. காலையில் காப்பி சாப்பிட்டதும் ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தால், இடையில் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதைத் தவிர, விளக்கு வைக்கும் வரை அங்கேதான். நாமும் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. இதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

மங்கல் கண்ணாடி என்றதும் கடைக்கு ஓடுகிற சுபாவம் நமக்கு இல்லை. முதலில் நமக்கு உரிமை என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பி, வக்கீல் நண்பர் ஒருவரைக் கண்டோம். அவர் வெகு உற்சாகமாகப் புஸ்தகத்தைப் புரட்டினார். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் ஆதியிலேயே சென்னை மாகாணத்துக்கு அமலானது. அதன் 18-வது பிரிவின் கீழ் ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறது. ஒரு பட்டணத்தில், அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைப் பங்கப்படுத்தும்படி எவரும் புதிதாக ஜன்னல் திறப்பதில்லை என்ற வழக்கம் இருக்குமானால், அங்கே வீடு கட்டியவனுக்கு அந்த வழக்கத்தின் பலத்தால் உரிமை உண்டு என்கிறது சட்டம். 1888-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம், கோகல் பிரசாத் வழக்கில், அந்த மாகாணத்துக் கோஷா வழக்கத்தை அனுசரித்து இப்படிப்பட்ட உரிமையை அங்கீகரித்தது.

"அப்படியானால் நாம் ஜெயித்துவிட்டோம்" என்றோம்.

"கும்பகோணத்தில் அத்தகைய வழக்கம் உண்டென்று நிரூபிக்க வேண்டுமே!" என்றார் நண்பர். "இந்த ஊரில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தெருவோடு போகிறவனை நிறுத்தி, 'எங்கே போகிறாய், பையில் என்ன?' என்று விசாரிப்பதல்லவா வழக்கம்?"

2017-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் அளித்த அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்களே என்று கேட்டுப் பார்த்தோம். "அது சர்க்காரைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வாதம். சமையலறையில் நின்று வெண்டைக்காய் நறுக்குகிற அம்மாளிடம் அதைச் சொல்லாதீர்கள். பேசாமல் கண்ணாடியை மாற்றிவிடும்" என்றார். கட்டணம் வாங்கவில்லை.

ஏன், திரைச்சீலை போட்டால் ஆகாதோ என்று வாசகர்கள் கேட்கலாம். போட்டுப் பார்த்தோம். கதவைத் திறந்தால் சீலை காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. அல்லது, காற்று பலமாக இருந்தால், சீலை பறந்து போய் யார் மறைந்திருக்க வேண்டுமோ அவர்கள் தலையிலேயே விழுகிறது. ஜன்னலின் முதல் தொழில் காற்று. ஜன்னல் என்ற சொல் போர்த்துகீசியர் தந்தது. அதற்கு வெகு காலம் முன்பே தமிழில் காலதர் என்ற அழகான சொல் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளின் காலதர்களை இளங்கோவடிகள் மானின் கண்ணுக்கு ஒப்பிட்டிருக்கிறார். இங்கிலீஷ்காரர்கள் ஜன்னலுக்கு வழங்கும் சொல்லும், வட ஐரோப்பாவின் பழைய பாஷையில் 'காற்றின் கண்' என்று பொருள்படுவதுதான். காற்றையும் கண்ணையும் சேர்த்தே இரண்டு ஜாதியாரும் நினைத்திருக்கிறார்கள். நம் பாட்டனார் காலத்து வீடுகளில் கண்ணாடியே கிடையாது. மரக் கதவு, இரும்புக் கம்பி, வெயிலுக்கு வெட்டிவேர்த் தட்டி, இவ்வளவுதான். ஆனால் அவர்களுடைய வீட்டில் முற்றம் இருந்தது. வெளிச்சத்துக்கு ஜன்னலை நம்ப வேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை. முற்றத்தை மூடித் தளம் போட்டுக்கொண்ட நமக்கு வந்தது வினை.

இந்தச் சமயத்தில் ஜன்னல்களுக்கு மெல்லிய தாள் ஒட்டுகிற ஒருவர் வந்து சேர்ந்தார். கண்ணாடி போல் பளபளக்கும் தாள். ஒட்டிவிட்டால் உள்ளேயிருந்து வெளியே தெரியும், வெளியேயிருந்து உள்ளே தெரியாது என்றார். பகலில் அவர் சொல்வது வாஸ்தவம். வெளிச்சம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தன் பக்கத்துப் பிம்பமே தெரியும்; இருட்டான பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எதிர்ப் பக்கம் தெரியும். ஆனால் இராத்திரி நாம் விளக்கைப் போட்டவுடன் வெளிச்சம் நம் பக்கம் வந்துவிடுகிறது. அப்போது எதிர் வீட்டார் நம்மைச் சுகமாகப் பார்க்கலாம். நாமோ நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். இதை எடுத்துச் சொன்னதும் அவர், "இராத்திரியில் விளக்கை அணைத்துவிடுங்கள்" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் இருக்கும் வீட்டில் சொல்கிற யோசனையா இது?

புதல்வி வேறொரு வழி கண்டுபிடித்தாள். சிங்கப்பூரில் 1999-ல் திறந்த புக்கிட் பாஞ்சாங் ரயிலில், வண்டி குடியிருப்பு வீடுகளை ஒட்டிப் போகும் இடங்களில் ரயிலின் ஜன்னல் கண்ணாடிகள் தாமாகவே மங்கிவிடுகின்றனவாம். வீடுகளைத் தாண்டியதும் தெளிந்துவிடுகின்றனவாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம் என்ற வஸ்துவை வைத்து, மின்சாரம் பாயும் போது தெளிவாகவும் நின்றுவிட்டால் மங்கலாகவும் ஆகும்படி செய்கிற வித்தை உண்டு. இதில் நம் மனசைக் கவர்ந்த விஷயம் ஒன்றிருக்கிறது. அங்கே பார்க்கப்படுகிறவன் ஜன்னலை மூடிக்கொள்ளவில்லை. பார்க்கிறவனுடைய ஜன்னலே நாணி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அடுத்த வீட்டு ஜன்னலுக்கு அந்த நாணத்தை நாம் கற்பிக்க முடியாதாகையால், கடைக்குப் போனோம்.

கண்ணாடிக் கடைக்காரர் தட்டை தட்டையாக எடுத்து நிறுத்தினார். உருகிய கண்ணாடியை, கோலம் செதுக்கிய உருளைகளுக்கு நடுவே விட்டு இழுத்தால் பூவும் புள்ளியும் பதிந்த கண்ணாடி ஆகிறது. ஸ்நான அறைகளில் 'பின்ஹெட்' என்று போடுவது இந்த இனம். சாதாரணத் தெளிந்த கண்ணாடியின் மேல் காற்றின் வேகத்தில் மணலை வீசி அடித்துச் சொரசொரப்பாக்கினால் அது ஒரு வகை. பிலடெல்பியா நகரத்து பெஞ்சமின் டில்மன் என்பவர் 1870-ல் இந்த முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் மேல் தோலை அரித்தெடுப்பது மூன்றாவது வகை. பார்வைக்கு வெண்பட்டுப் போல் இருக்கும். இதை வீட்டில் செய்துபார்க்கலாமா என்று எவருக்கேனும் தோன்றினால், அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிடக் கோருகிறோம். அந்த அமிலம் தோலில் பட்ட மாத்திரத்தில் எரியாமல் கூட இருக்கும். உள்ளே இறங்கி, சதையையும் எலும்பையும் தாக்கி, இரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குலைத்து, உயிருக்கே உலை வைக்கக் கூடியது.

மணல் அடிக்கும் தொழிலும் சாது அல்ல. கடையின் பின்கட்டில் ஒரு பையன் முகத்தில் துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தான். மணல் தூசி நுரையீரலில் படிந்தால் ஸிலிகோஸிஸ் என்னும் தீராத வியாதி வரும். பிரிட்டனில் 1949-ல் செய்த விதிகள், இந்த மாதிரி வேலைகளுக்கு மணலை உபயோகிப்பதையே தடுத்தன. மணலுக்குப் பதில் அலுமினிய ஆக்ஸைடு பொடியை உபயோகிக்கலாம். பெட்டிக்குள் கண்ணாடியை வைத்து, வெளியிலிருந்து கையுறை வழியாக வேலை செய்யலாம். கடைக்காரரிடம் சொன்னோம். "பையன் பழகிவிட்டான், ஸார்" என்றார். நுரையீரல் பழகுவதில்லை என்று சொல்லிவிட்டு, அமிலத்தால் மங்க வைத்த தட்டைகளையே எடுத்துத் தரச் சொன்னோம். அதையும் எங்கேயோ ஒருவர் செய்துதான் அனுப்பியிருக்கிறார். இயந்திரங்கள் உள்ள பெரிய தொழிற்சாலையில் செய்ததென்று கடைக்காரர் சத்தியம் செய்ததில் சற்று ஆறுதல்.

சுதேசிக் கண்ணாடிதானா என்று கேட்டதற்கு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்கிற பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. ஆளுக்கு வருஷம் ஒரு பைசா என்று ஊர் ஊராகத் திரட்டிய நிதியிலிருந்து, திலகர் பெருமானின் ஆதரவோடு, 1908-ல் புனாவுக்கு அருகே தலேகாவ் என்னும் ஊரில் கண்ணாடித் தொழிற்சாலை வைத்த தேசம் இது. இன்று நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2000-ஆம் வருஷம் முதல் கண்ணாடி வார்க்கிறார்கள். உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு, தண்ணீர்ப் பரப்புப் போல் சமமாக எடுக்கும் முறையில். தொழிற்சாலை நம் மண்ணில். கம்பெனியோ பதினாலாம் லூயி காலத்தில், 1665-ல், பிரான்சில் பிறந்தது. இது சுதேசியா பரதேசியா என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் கடையை மூடிவிடுவார்கள் போலிருந்தது. வாங்கிவிட்டோம்.

மறுநாள் ஆசாரி வந்தார். அவர் வயசில் நமக்கு மூத்தவர். இந்த வீட்டு ஜன்னல்களைச் செய்தவரே அவருடைய தகப்பனார்தான். சட்டத்தைச் சுற்றி அடித்திருந்த மரப் பட்டிகளை உளியால் நெம்பி, ஆணி கெடாமல் எடுத்து, பழைய கண்ணாடிகள் நாலையும் முழுசாக வெளியே எடுத்தார். அவற்றைப் பழைய பத்திரிகைகளில் சுற்றிப் பரணில் வைத்தார். "எதற்கு? பேரம் பேசிப் போட்டுவிடலாமே!" என்றோம். "இருக்கட்டும் ஐயா" என்றார். புதுக் கண்ணாடியைச் சட்டத்தின் அளவை விட நூல் அளவு குறைத்தே வெட்டினார். மழையில் மரம் ஊதும் போது இடம் இல்லாவிட்டால் கண்ணாடி விரிந்துவிடும். வெட்டும் போது வழவழப்பான பக்கத்தில்தான் கீறினார். சொரசொரப்பான பக்கத்தில் கீறல் ஒழுங்காக ஓடாது. இதையெல்லாம் பார்த்து, மனசுக்குள் மெச்சிக்கொண்டிருந்த நாம், அதோடு நின்றிருக்கலாம்.

"சொரசொரப்பு எந்தப் பக்கம், ஐயா? உள்பக்கமாக வைத்துவிடட்டுமா?" என்று கேட்டார் ஆசாரி.

நாம் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கிறவர். "கூடாது, வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் கைவிரல் எண்ணெயும் தாளிக்கிற புகையும் படிந்து கறையாகிவிடும், துடைத்தாலும் போகாது" என்றோம். ஆசாரி நம் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு நாம் சொன்னபடியே செய்துவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் கூடத்தில் ஒரு புது வெளிச்சம். மங்கல் கண்ணாடி வீட்டை இருட்டாக்கும் என்று பயந்தோம். அது வீண் பயம். வழவழப்பான கண்ணாடி, ஒளியை வந்த வழியே நேராக அனுப்புகிறது. அதனால் உருவம் தெரிகிறது. சொரசொரப்பான பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் மேடு பள்ளங்கள். ஒவ்வொன்றும் தன் மேல் விழுந்த ஒளியை ஒவ்வொரு திசையில் திருப்பிவிடுகிறது. ஒளி பெரும்பாலும் உள்ளே வந்து சேர்ந்துவிடுகிறது. அது கொண்டு வந்த சித்திரம் மட்டும் வழியில் கலைந்து போகிறது. கூர்மையான வெயில் பட்டை விழாமல், மூலை முடுக்கெல்லாம் சமமாகப் பால் தெளித்தது போல் இருந்தது. எல்லாரும் நம்மைப் பாராட்டினார்கள்.

இரவு எட்டு மணிக்கு, வெற்றியை வெளியிலிருந்து காண விரும்பி, சந்துக்குள் போய் நின்று பார்த்தோம். மேஜையருகே இருந்த புதல்வி ஒரு மங்கிய நிழலாகத் தெரிந்தாள். யார் என்று சொல்ல முடியாது. நம் இல்லத்தரசி தாழ்ப்பாளைச் சரிபார்க்க ஜன்னலை நெருங்கினாள். அடடா! தோல்பாவைக் கூத்தில் சீதை திரையை ஒட்டி வந்து நிற்பது போல், மூக்கும் கொண்டையும் வளையலும் தனித்தனியே தெரிந்தன. கண்ணாடியை ஒட்டி நிற்கும் பொருள் தெளியும், விலக விலகக் கலையும். ஆகையால் இராத்திரியில் அந்த ஜன்னலை ஒட்டி நின்று உடை மாற்றலாகாது என்று வீட்டில் ஓர் உத்தரவு பிறப்பித்தோம். மங்கல் கண்ணாடி போட்டுக்கொள்கிற எல்லாக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை.

ஒரு வாரம் கழித்து நம் இல்லத்தரசி காய்கறி வண்டியருகே எதிர் வீட்டுப் பெண்ணைச் சந்தித்தாள். இருபத்தைந்து வயது இருக்கும்; இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை. "பாட்டிக்கு உடம்பு சரியில்லையா, அக்கா? ஜன்னலில் காணோமே!" என்று கேட்டாள் அந்தப் பெண். விசாரித்ததில் விஷயம் வெளிப்பட்டது. ஊரில் அவளுக்கு வேறு மனிதர் எவரும் இல்லை. புருஷன் காலை ஏழு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத் திரும்புவான். தினந்தோறும் பத்து மணிக்குக் குழந்தைக்குச் சாதம் ஊட்ட அந்த ஜன்னலருகே வந்து நின்று, கீழே இருக்கும் பாட்டியைக் காட்டுவாளாம். பாட்டி கையை ஆட்டினால் குழந்தை ஒரு வாய் வாங்கிக்கொள்ளும். இது எத்தனையோ மாதமாக நடந்து வருகிறது. பள்ளிக்கூடத்திலும் சமையலறையிலும் இருந்த எங்களுக்குத் தெரியாது. எங்கள் தாயாரும் சொன்னதில்லை.

"கண்ணாடியை மாற்றினோம்" என்று நம் இல்லத்தரசி மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. "நாங்கள் பார்ப்பது உங்களுக்குத் தொந்தரவாக இருந்ததோ, அக்கா? சொல்லியிருக்கலாமே!" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில் எதிர் ஜன்னலில் கனத்த திரை ஒன்று தொங்கிற்று.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கலாம் அல்லவா என்று நம் தாயாரைக் கேட்டோம். அந்தத் தாழ்ப்பாளை மடங்காத விரல்களால் தூக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் மருமகளைக் கூப்பிட மனம் வரவில்லை. மேலும் மூடி வைக்கத்தானே இவ்வளவு செலவு செய்திருக்கிறாய் என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போல் சொன்னார்.

பிறகு ஐப்பசி பிறந்தது. வடகிழக்குப் பருவ மழை சாய்ந்து சாய்ந்து நம் வடக்கு ஜன்னலில் அடித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் நுழைந்த நாம் திகைத்து நின்றோம். கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்த இடமெல்லாம் மங்கல் போய், பட்டை பட்டையாகத் தெளிந்திருந்தது! எதிர்க் கட்டடம், அதன் குழாய், திரை ஒதுங்கிய ஒரு மூலையில் ஒரு சின்னத் தலை — எல்லாம் தெரிந்தன. நம் தாயார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் கையை மடியில் வைத்துக்கொண்டு, "மழை வந்தால்தான் குழந்தை தெரிகிறதடா" என்றார்.

பௌதிக வாத்தியாருக்கு இதற்குக் காரணம் தெரியாமல் போனதுதான் வெட்கம். கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. மேடு பள்ளங்களில் காற்று இருக்கும் வரை ஒளி வெகுவாகத் திரும்பும். பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பி மேலே சமமாகப் படர்ந்துவிட்டால், வித்தியாசம் குறைந்து, ஒளி ஏறக்குறைய நேராகப் போய்விடும். தேங்காய் எண்ணெய் தண்ணீரை விடக் கண்ணாடிக்கு நெருங்கின எண்ணுடையது. ஒரு சொட்டுத் தடவினால் இன்னும் தெளியும். ஒட்டு நாடாவைச் சொரசொரப்பின் மேல் அழுத்தி ஒட்டினாலும் இதே கதைதான். அதிலுள்ள பசை பள்ளங்களை அடைத்துவிடுகிறது. இவற்றையெல்லாம் வருஷா வருஷம் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறோம். ஆசாரி கேட்ட கேள்விக்கு மட்டும் இது ஞாபகம் வரவில்லை. சொரசொரப்பு எந்தப் பக்கம் நனையாதோ அந்தப் பக்கம் இருக்க வேண்டும். கூடத்து ஜன்னலுக்கு அது உள்பக்கம். விரல் கறையைத் துடைத்துக்கொள்ளலாம். மழையைத் துடைக்க முடியாது.

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஜெய்ப்பூரில் 1799-ல் கட்டிய ஹவா மஹாலில் 953 ஜன்னல்கள் இருக்கின்றன. அந்தப்புரத்து ஸ்திரீகள் தம்மைப் பிறர் காணாமல் தாம் வீதியைக் காண்பதற்காக வைத்தவை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அது. நம் புதல்விக்கும் இல்லத்தரசிக்கும் வேண்டியதும் ஏறக்குறைய அதுதான். அதில் நியாயக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அதே கூடத்தில், நாலு அடி தள்ளி, காணப்பட வேண்டும் என்று விரும்புகிற ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது நமக்குத் தோன்றவே இல்லை. மறைவைப் பற்றிச் சட்டப் புஸ்தகம் வரை போய் ஆராய்ந்தோம். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் படம் போட்டோம். நம் தரை மட்டத்திலிருந்து எதிர் வீட்டுப் பெண்ணின் கண் உயரம் 15 அடி. ஜன்னலுக்கு ஜன்னல் 10 அடி. நம் ஜன்னலின் கீழ்க் கதவுகள் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் முடிகின்றன. மேல் கதவுகள் ஏழரை அடியில். மேலிருந்து சரிந்து வரும் பார்வை, மேல் கதவின் உச்சி வழியாக நுழைந்தால், கூடத்துக்குள் 10 அடி வரை ஓடித் தரையைத் தொடும். மேஜையும் பாயும் அந்த எல்லைக்குள் அகப்படும். கீழ்க் கதவின் உச்சி வழியாக நுழைந்தாலோ, 5 அடியிலேயே தரையில் விழுந்துவிடும். நாலு அடியில் உள்ள மேஜையடியில் பாதங்கள் மட்டும் தெரியும். எட்டு அடி தள்ளி விரித்த பாய் தெரியவே தெரியாது. ஜன்னலிலிருந்து ஓர் அடியில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தவருடைய முகமோ, தாராளமாகத் தெரியும். அதற்கும் மேல் மாடியில் இருப்பவர்களுக்கு இன்னும் குறைவாகத்தான் தெரியும். அவர்கள் பார்வை இன்னும் செங்குத்து. ஆக, மங்கல் கண்ணாடி வேண்டியது மேல் கதவுகளுக்கு மட்டும்! கீழே இருந்து பார்க்கிறவர்களை நினைத்துத்தான் ஸ்நான அறைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கீழ்ப்பாதியை மங்க வைக்கிறார்கள். நமக்கோ ஆபத்து ஆகாயத்திலிருந்து வருகிறது. எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் ஒத்த முக்கோணம் இது.

புதல்வியை எழுப்பிப் படத்தைக் காட்டினோம். தூக்கக் கலக்கத்தோடு கணக்கை இரண்டு தரம் சரிபார்த்து, "சரிதான், அப்பா. இதை முதலிலேயே போட்டிருக்கலாமே!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

ஆசாரி வந்தார். மேல் கண்ணாடிகளைப் புரட்டிச் சொரசொரப்பை உள்பக்கமாக வைத்தார். கீழ் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, பரணிலிருந்து பழைய பத்திரிகைச் சுருளை இறக்கிப் பிரித்தார். 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது கூலியில் சேராத பெருந்தன்மை. தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் போட்டு, விரலால் தள்ளினால் நகரும்படி செய்துவிட்டார். நம் தாயார் அதை நாலைந்து தரம் தள்ளிப் பார்த்துக்கொண்டார்.

எதிர் வீட்டுத் திரை உடனே விலகவில்லை. முதல் நாள் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. நம் இல்லத்தரசி ஒரு கிண்ணத்தில் பாயசம் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரிவிக்கப்படவில்லை. நாலாம் நாள் காலை பத்து மணிக்குத் திரையை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கயிற்றால் கட்டியிருந்தது.

மிச்சமான இரண்டு மங்கல் கண்ணாடிகள் இப்போது பரணில் இல்லை. எதிர் வீட்டு ஸ்நான அறை ஜன்னலுக்குத் தெளிந்த கண்ணாடி போட்டுவிட்டுப் போயிருக்கிறாராம் அந்தக் கட்டடத்தைக் கட்டியவர். அதற்கு அவை ஆகும் என்று பெண்கள் இருவருமே பேசி முடிவு செய்துவிட்டார்கள். ஆசாரி நேற்று அளவெடுத்துக்கொண்டு போனார். அங்கே உள்ளேயும் தண்ணீர் தெறிக்கும், வெளியேயும் மழை அடிக்கும்; சொரசொரப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பது சற்றுச் சிக்கலான பிரச்னை. அதைப் பற்றி நம்மிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.